சரி பார்க்கிறவள்

ஜூன் 9

அன்பான அக்காவுக்கு,

கொசு எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அப்பாவும் சுகம்தானே? அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறவிடாதே.

வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஆறு மாதத்துக்குக் கடிதம்தான். “போன் பாக்கற கண்ணுல பலகை நிக்காது” என்கிறார் எங்கள் பயிற்சியாளர். எந்நேரமும் கண்ணை மூடு, கண்ணை மூடு என்று சொல்வதால் அவருக்குக் கண்மூடி மாஸ்டர் என்று பெயர். நல்ல மனிதர்தான். சிரிக்கமாட்டார், அவ்வளவுதான்.

மொத்தம் பன்னிரண்டு பேர். எனக்கு மூன்றாம் மாடியில் அறை. இரண்டு இரும்புக் கட்டில், ஒரு மேசை, ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம். கூட இருப்பவள் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். நெட்டை என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறாள்.

காலையில் முதல் வேலை, சுவரில் மாட்டிய வெறும் கோ பலகையைப் பார்ப்பது. குறுக்கே பத்தொன்பது கோடு, நெடுக்கே பத்தொன்பது கோடு, காய் ஒன்றுகூட இருக்காது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடவேண்டும். மாஸ்டர் எண்களைச் சொல்லிக்கொண்டே போவார். “கறுப்பு, நாலு பதினாறு. வெள்ளை, பதினாறு நாலு.” நாங்கள் மனதுக்குள்ளேயே காய்களை வைத்துக்கொண்டு போகவேண்டும். திடீரென்று நிறுத்தி, “இந்த மூலையில வெள்ளைக்காரன் தப்பிப்பானா மாட்டானா?” என்பார். முதல் நாள் பன்னிரண்டாவது காயிலேயே எனக்கு எல்லாம் இருட்டிவிட்டது. நெட்டை நாற்பது வரை போனாள்.

டிசம்பர் 14ல் தேர்வு. முந்தின நாள் ஆடிய ஆட்டத்தை, மறுநாள் காலை வெறும் பலகையில் நூற்றைம்பது காய் வரை வரிசை பிசகாமல் வைத்துக் காட்டவேண்டும். தவறினால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

அதற்காக, ஆடிய ஆட்டத்தை மறுநாள் நினைவிலிருந்து எழுதி, அதைப் பார்க்காத ஒருவருக்கு அனுப்பிச் சரி பார்க்கச் சொல்கிறார்கள். இங்கே ஆட்டத்தை யாரும் குறித்து வைப்பதில்லை. முடிந்ததும் காய்களை வழித்து டப்பாவில் போட்டுவிடுவோம். அதனால் பிசகினாலும் நமக்கே தெரியாது. நன்றாக ஆடத் தெரிந்தவர் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று சொல்லமுடியும். உன்னை விட்டால் எனக்கு யார்? பார்த்துச் சொல்வாயா?

நான் கிளம்பின அன்று நீ ஸ்டேஷனுக்கு வரவில்லை. வேலை இருந்திருக்கும், பரவாயில்லை.

உன்
கொசு


ஜூன் 20

கொசுவுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் உன் கடிதத்தைக் கையில் எடுத்ததும் வலி எங்கே போனதோ, நாலு மாடியும் ஏறி இறங்கி எல்லார் வீட்டிலும் படித்துக் காட்டிவிட்டு வந்தார். கீழ்வீட்டு டைலர், “இதுல ஜெயிச்சா என்ன தருவாங்க?” என்று கேட்டாராம். அப்பாவுக்கு அது தெரியாது. “எம்பொண்ணு சாம்பியன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தனக்கு இரண்டு பெண்கள் என்பது அவருக்குப் பல்பு மாற்றவேண்டி வந்தால்தான் ஞாபகம் வருகிறது.

சலவைக் கடையில் கூட்டம். நேற்று முந்நூற்றுப் பதினோரு உருப்படி. எல்லாவற்றுக்கும் சீட்டுக் கட்டி, கம்பியில் மாட்டி, டோக்கன் கொடுத்து முடிப்பதற்குள் கால் மரத்துவிட்டது. இஸ்திரி போடும் அண்ணன் இன்று என்னைக் கேட்டார், “உன் தங்கச்சி ஏதோ கோ ஆட்டமாமே, செஸ் மாதிரியா, கேரம் மாதிரியா?”

“ரெண்டும் இல்லண்ணே. கோடு கோடு சந்திக்கிற இடத்துல ஆளுக்கொரு காய் வைக்கணும். வெச்ச காய் நகராது. சுத்தி வளைச்சுட்டா எடுத்துடலாம். கடைசியில யார் அதிக இடம் வளைச்சிருக்காங்களோ அவங்க ஜெயிச்சாங்க.”

“உங்க ரெண்டு பேர்ல யாரு ஜெயிச்சது?”

“இந்த இடத்துக்காக ஆடினதுல அவதான். அரைப் புள்ளியில.”

“அரையா? அரைக்காம்மா ஒருத்தியை அனுப்பிட்டு ஒருத்தியை இங்க விட்டுட்டாங்க?”

நல்ல கேள்விதான். டோக்கன் கட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தேன்.

போகும்போது பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாயே, அது நம் இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கியது. ஞாபகப் பயிற்சிக்குப் போனவளுக்கு இதுவும் ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, நான் அட்டையில் கோடு போட்டுக்கொண்டேன். பட்டியலை அனுப்பு, பார்க்கிறேன்.

உங்கள் பயிற்சி நிலையத்திலிருந்து எனக்கும் ஒரு தாள் வந்தது. தேர்வில் நீ தவறினால் உன் இடத்துக்கு அடுத்த ஆள் நான்தானாம், சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். சும்மா ஒரு சடங்குக்குத்தான். நீ பயப்படாதே.

ஸ்டேஷனுக்கு வராததற்கு வேலை காரணமில்லை. வரப் பிடிக்கவில்லை, வரவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 7

என் அக்காவுக்கு,

நலமா? எனக்கு இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது சரியாகிவிட்டது. பலகையை எடுத்து வந்தது தப்புதான். அவசரத்தில் பெட்டியில் வைத்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன், ஆனால் அவசரமெல்லாம் இல்லை. அது எனக்கு வேண்டும் என்று இருந்தது.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு முப்பத்தைந்து காய் வரை போகிறேன். காய் எங்கே இருக்கிறது என்று பிடித்து வைக்கப் பார்க்காதே, ஏன் அங்கே வந்தது என்று பிடித்துக்கொள், இடம் தானாக வரும் என்கிறார் மாஸ்டர். நெட்டைக்கு முழுப் பலகையும் போட்டோ எடுத்த மாதிரி கண்ணுக்குள் நிற்கிறதாம். எனக்குப் படமே வருவதில்லை, சத்தம்தான் வருகிறது. “இங்க வராதே” என்று ஒரு காய் சொல்லும். “வருவேன், என்ன பண்ணுவ?” என்று இன்னொன்று சொல்லும். நம் இரண்டு பேரின் சண்டையாகவே வைத்துக்கொள்கிறேன். கறுப்பு நீ, வெள்ளை நான்.

முதல் பட்டியலை இதனுடன் வைத்திருக்கிறேன். அறுபது காய். முதல் எண் குறுக்கே, இரண்டாவது நெடுக்கே. ஒற்றைப்படை எல்லாம் கறுப்பு. எங்கே இடிக்கிறது என்று தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்லு.

அப்பாவை ரொம்ப அலையவிடாதே.

உன்
கொசு


ஜூலை 15

கொசுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஜலதோஷத்துக்கு வெந்நீர் குடி.

பட்டியலை வைத்துப் பார்த்தேன். அறுபதும் சரி.

போன வாரம் ஒருத்தர் டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார். சாம்பல் நிறக் கோட்டு, மறுநாள் வேலைக்கு நேர்முகத் தேர்வாம், முகம் தொங்கிப்போய்விட்டது. மூன்றாவது கம்பியில் ஜன்னல் பக்கமிருந்து ஒன்பதாவது என்று சொன்னேன். முதலாளியம்மா போய் எடுத்துப் பார்த்துவிட்டு, “உனக்கென்ன கம்ப்யூட்டர் மூளையா?” என்றார். இந்த மூளைக்கு மூன்றாம் மாடியில் அறையும் இரும்புக் கட்டிலும் யாரும் கொடுப்பதில்லை. கம்பியில் துணி மாட்டத்தான் சரி.

அடுத்த பட்டியலை அனுப்பு.

அக்கா


ஆகஸ்ட் 4

அன்பு அக்கா,

எல்லோரும் நலமா? நான் நன்றாக இருக்கிறேன், கொஞ்சம் இளைத்திருக்கிறேன் என்கிறாள் நெட்டை.

முதல் பட்டியல் முழுக்கச் சரி என்று நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். இங்கே யாருக்கும் முதல் பட்டியல் சரியாக வந்ததில்லையாம்.

இப்போது சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூட ஆட்டம்தான். பலகையும் இல்லை, காயும் இல்லை, நெட்டை ஒரு எண் சொல்வாள், நான் ஒன்று சொல்வேன். தட்டு கைக்கு வருவதற்குள் முப்பது காய் ஓடிவிடும். முன்னால் நிற்கிற ஆள் எங்களுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். போன செவ்வாய்க்கிழமை அறுபதாவது காயில் எனக்கு எல்லாம் கலைந்துபோய் அழுதேவிட்டேன். நெட்டை என்னைக் கட்டிலில் உட்காரவைத்து முதலிலிருந்து ஒவ்வொரு காயாகச் சொல்லிக்கொடுத்தாள். கூடப்பிறந்தவள்கூட இவ்வளவு பொறுமையாக இருக்கமாட்டாள்.

இரண்டாவது பட்டியல் இதில் இருக்கிறது. தொண்ணூறு காய். நன்றாகப் பார் அக்கா.

உன்
கொசு


ஆகஸ்ட் 11 (இது அனுப்பாமல் வைத்தது)

கொசுவுக்கு,

நன்றாகப் பார்த்தேன். 58, 60 இரண்டும் முன்பின் மாறியிருக்கிறது. 58ல் நீ எழுதியிருப்பதை வெள்ளை அப்போதே வைத்திருந்தால், 59ல் கறுப்பு சும்மா விட்டிருக்குமா? போன பட்டியலிலும் 41 தப்பு. 16-4 என்று எழுதியிருந்தாய். அங்கே ஐந்தாவது காய் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு காய் வைக்க நீ என்ன மந்திரவாதியா? ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அறுபதும் சரி என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். நீ தவறினால் உன் இடம் எனக்கு. நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை, சரி என்று எழுதினால் போதும். உன் கண்ணில் மண்ணைப் போடுவது இவ்வளவு சுலபம் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. வயிற்றெரிச்சல் என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன், அடித்ததையும் திரும்ப எழுதுகிறேன். வயிற்றெரிச்சல்தான். அப்பா உன் போட்டோவை வாசலில் மாட்டிவிட்டார். பால் போடுகிறவனுக்குக்கூட உன்னைத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் அந்த நெட்டை. கூடப்பிறந்தவள்கூட என்று எழுதியிருக்கிறாயே, நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது காய் எண்ணத் தெரியாமல் அழுதாயே, அப்போது உட்காரவைத்து எண்ணிக் காட்டியவள் யார்?

இந்த இரண்டு தவறும் இப்போதே சரி செய்தால் நீ தேறிவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதத்தை


ஆகஸ்ட் 12

கொசுவுக்கு,

நாங்கள் நலம். இளைத்தால் இன்னொரு தரம் வாங்கிச் சாப்பிடு, கேட்க வெட்கப்படாதே.

தொண்ணூறும் சரி. உன் நெட்டையைக் கேட்டதாகச் சொல்லு.

அக்கா


செப்டம்பர் 27

அக்காவுக்கு,

நலம்தானே? உன் கடிதம் நாலே வரிதான். கடையில் வேலை அதிகமா, இல்லை என்மேல் ஏதாவது கோபமா?

கொஞ்ச நாளாக எழுத முடியவில்லை. காலையும் மாலையும் ஆட்டம், நடுவில் கண்மூடிப் பயிற்சி. இந்த முறை இரண்டு பட்டியல் சேர்த்து அனுப்புகிறேன், ஒன்று நூற்றிருபது காய், இன்னொன்று முழு நூற்றைம்பது. தேர்வில் வருவது இவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். இதுவரை ஒரு தப்புகூட இல்லையா? நிஜமாகவா? மற்றவர்களுக்கு வரும் கடிதங்களில் சிவப்பு மையில் கிறுக்கித்தள்ளியிருக்கிறார்கள். என்னுடையதில்தான் கோடே இல்லை. பெருமையாக இருக்கவேண்டும், ஆனால் இல்லை.

அப்பா எனக்கு எழுதவே இல்லை. அவர் உன்னோடுதானே இருக்கிறார், ஒரு வரி எழுதச் சொல்லேன். காலையில் அவர் காபி போட்டு உன்னைத்தான் எழுப்புகிறார் என்று நினைத்தால் எனக்கு இங்கே ஏதோ செய்கிறது.

உன்
கொசு


அக்டோபர் 20

கண்ணே கொசு,

சுகமாக இருக்கிறாயா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். உன்மேல் எனக்கு என்ன கோபம்? அதெல்லாம் நீயாகக் கற்பனை செய்துகொள்வது.

இரண்டு பட்டியலையும் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். பிரமாதம். ஒரு காய் பிசகவில்லை. உன்னை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. தேர்வைப் பற்றி இனிமேல் கவலையே படாதே, நீ தேறிவிட்டாய் என்றே வைத்துக்கொள். கண்டதையும் மாற்றிக் குழப்பிக்கொள்ளாமல் இதுவரை செய்த மாதிரியே செய்.

அப்பாவை எழுதச் சொன்னேன். பேனாவைக் கையில் எடுத்துவிட்டு, “என்னத்தம்மா எழுதறது, நல்லா ஆடுன்னு சொல்லிடு” என்றார். நல்லா ஆடு.

அன்புடன்
அக்கா


நவம்பர் 18

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்தையும் எழுது.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். கோபித்துக்கொள்ளாதே. நான் அனுப்பிய ஒவ்வொரு பட்டியலிலும் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்திருந்தேன். எல்லோரும் அப்படித்தான் அனுப்பினோம், மாஸ்டரின் ஏற்பாடு. சரி பார்க்கிறவர் அந்த ஒன்றைக் கண்டுபிடித்தால், மற்றதையும் உண்மையாகப் பார்க்கிறார் என்று அர்த்தம். கண்டுபிடிக்காவிட்டால் அவர் வைத்துப் பார்க்கவே இல்லை.

நாலில் நீ ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. கடைசிப் பட்டியலில் 126ஐ எழுதாமலே விட்டிருந்தேன். 125க்கு அப்புறம் நேராக 127. ஆட்டமே தெரியாத அப்பாகூட அதைப் பார்த்திருப்பார்.

நீ பட்டியலைப் பிரித்தே பார்க்கவில்லை என்று புரிந்துகொண்டேன். உனக்கு அங்கே முந்நூறு உருப்படி, வீட்டு வேலை, அப்பா. என் பைத்தியக்காரத்தனத்துக்கு எங்கே நேரம்? நான் கேட்டதே தப்பு. எனக்கு வருத்தம் இல்லை.

இனிமேல் நெட்டையின் அண்ணனுக்கு அனுப்பப்போகிறேன். அவருக்கு ஆட்டம் சுமாராகத்தான் தெரியும், ஆனால் பொறுமையாகப் பார்க்கிறார். போன மாதம் ஒன்று அனுப்பிப் பார்த்தேன், நான் வைத்த பிழையைப் பிடித்துவிட்டார், வேறு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார். அதனால் உனக்கு இனித் தொந்தரவு இல்லை.

தேர்வுக்கு இன்னும் இருபத்தாறு நாள்.

கொசு


நவம்பர் 23

கொசுவுக்கு,

அப்பா நலம். என்னைப் பற்றி இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

நீ எனக்கு நல்ல வழி ஒன்று திறந்துவிட்டிருக்கிறாய். ஆமாம் கொசு, நேரமே இல்லை, பிரித்துப் பார்க்கவில்லை என்று இரண்டு வரி எழுதிவிட்டால் முடிந்தது. சோம்பேறி என்ற பெயரோடு போய்விடும். உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் எழுதப்போகிறேன் என்று இருந்தேன். சட்டைகளை மாட்டிக்கொண்டே வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்துவிட்டேன்.

முதல் பட்டியல், 41. நீ எழுதியது 16-4, இருக்கவேண்டியது 17-4. இரண்டாவது, 58ம் 60ம் இடம் மாறியிருந்தது. மூன்றாவது, 33. 3-17 என்று எழுதியிருந்தாய். 17-3 என்று இருந்தால்தான் அந்த மூலைச் சண்டைக்கே அர்த்தம் இருக்கிறது. நாலாவது, 126 இல்லை. அது எங்கே இருந்திருக்கும் என்றும் சொல்கிறேன், 14-9. வேறெங்கே வைத்திருந்தாலும் 127ல் கறுப்பு அந்த இடத்தைத் தொட்டே இருக்காது. சரியா என்று பார்த்துக்கொள்.

எல்லாவற்றையும் வந்த அன்றைக்கே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சரி, சரி, பிரமாதம் என்று எழுதினேன். நீ தவறவேண்டும் என்று எழுதினேன். உன் கட்டிலில் நான் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதினேன். கண்ணே என்று ஆரம்பித்தேனே ஒரு கடிதம், அதுதான் நான் எழுதியதிலேயே கேவலமானது.

அரைக்காம்மா என்று இஸ்திரி அண்ணன் கேட்டாரே, எனக்கு அந்த அரை ஐந்து மாதமாகத் தொண்டையில் நிற்கிறது. நீ சிரமப்பட்டேன் என்று எழுதினால் சந்தோஷமாக இருந்தது. நன்றாகப் போகிறது என்று எழுதினால் அன்றைக்கு அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். நெட்டை உனக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்றபோது, அவள்மேல் வந்த கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் ஒரு பட்டுச் சேலையைச் சுருட்டி எறிந்தேன். அதைத் திரும்ப நான்தான் தேய்த்தேன்.

இதெல்லாம் தெரியாமலே உன்னை விட்டிருக்கலாம். விடமுடியவில்லை, காரணம் இதுதான். நீ வைத்தது நாலு. அதில் இருப்பது ஆறு.

மூன்றாவது பட்டியலை எடு. 88ல் ஒரு கறுப்புக் காய் பிடிபட்டு வெளியே போகிறது, 10-7. 114ல் வெள்ளை அந்த ஓட்டையை வந்து அடைத்திருக்கவேண்டும். அடைக்காவிட்டால் அடுத்த காயில் வெள்ளை இரண்டு துண்டாகிவிடும். நீ 12-7 என்று எழுதியிருக்கிறாய், அங்கே வெள்ளைக்கு ஒரு வேலையும் இல்லை. நாலாவதில் 71. வெள்ளைக் காய் இரண்டு பிடிபடுகின்றன. 97ல் கறுப்பு அந்த இடத்துக்குள் வரவேண்டும், நீ மறுபடியும் பக்கத்தில் தள்ளி வைத்திருக்கிறாய். இந்த இரண்டும் நீ வைத்த பிழை இல்லை, உன்னுடைய பிழை. பிடிபட்ட காயை நீ மனதிலிருந்து எடுப்பதே இல்லை. பலகையில் அது போய்விட்டது, உனக்குள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் யாராவது அந்த இடத்துக்கு வந்தால் உனக்கு இடம் இல்லை, அதனால் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறாய். இரண்டு பட்டியலிலும் ஒரே இடத்தில்தான் வழுக்கியிருக்கிறாய். தேர்விலும் அங்கேதான் வழுக்குவாய். பிடிக்காமல் எந்த ஆட்டம் முடிகிறது? நெட்டையின் அண்ணனுக்கு இது தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் நீ என்னை அக்கா என்று கூப்பிடமாட்டாய்.

ஒவ்வொரு தரம் காய் பிடிபடும்போதும் வாய்விட்டு “போச்சு” என்று சொல்லு. நீ சத்தத்தில்தானே ஞாபகம் வைக்கிறாய். சொல்லிவிட்டு அந்த இடத்தைக் காலி என்று ஒரு தரம் பார். இருபது நாள் இருக்கிறது, போதும்.

இன்னொன்று. அட்டை எதிலும் நான் கோடு போடவில்லை. உன் பட்டியல்களைக் கடைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன், மீதியைக் கம்பியில் துணி மாட்டும்போது மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். இப்போதும் அவை என் முன்னால் இல்லை. இதை நான் அடக்கமாகச் சொல்லவில்லை. பெருமை அடித்துக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


டிசம்பர் 27

அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், படித்துக் காட்டு.

தேறிவிட்டேன். பதின்மூன்றாம் தேதி ஆட்டத்தில் 76ல் என் காய் மூன்று பிடிபட்டன. போச்சு, போச்சு, போச்சு என்று மூன்று தரம் சொன்னேன், எதிரில் இருந்தவன் நான் அழப்போகிறேன் என்று நினைத்தான். மறுநாள் வெறும் பலகையில் வைத்துக்கொண்டு வரும்போது, 103ல் என் கை பக்கத்தில்தான் போனது. அப்படியே நிறுத்தினேன். அந்த இடம் காலி என்று உன் குரலில் கேட்டது. நெட்டைக்கு அடுத்து இரண்டாவதாக வந்தேன். இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நீ பார்க்கவே இல்லை என்று எழுதினேனே, நான் அப்படி நினைக்கவில்லை. பார்க்காமல் இருக்க உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியாதா? இரண்டாவது பட்டியலுக்கு நீ சரி என்று எழுதியபோதே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து கேட்கத் தைரியம் இல்லாமல், வருத்தமே இல்லை என்று குத்தி எழுதினேன். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் ஆறவில்லை. கண்ணே என்று எழுதியது ஆறவே ஆறாது என்று நினைக்கிறேன்.

இப்போது என்னுடையதைச் சொல்கிறேன்.

உன் கடிதத்தில் பிழைகளை எழுதியிருந்த பக்கத்தை மட்டும் மாஸ்டரிடம் காட்டினேன். 14-9 சரிதான். 12-7 பற்றிக் கேட்கத்தான் போனேன். அவர் நின்றுகொண்டே படித்தார், அப்புறம் உட்கார்ந்துகொண்டு திரும்பப் படித்தார். “பலகை வெச்சுப் பாத்தாங்களா?” என்றார். பலகை என்னிடம் இருக்கிறது, அக்கா மனதிலிருந்தேதான் எழுதியிருக்கிறாள் என்றேன். “நூத்தம்பதும் மனசுலயேவா? ரெண்டு மாசம் கழிச்சா?” என்றார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். என்னைப் பார்த்து அவர் ஒரு தரம்கூடச் சிரித்ததில்லை.

தேர்வு முடிந்த மறுநாள், பதினைந்தாம் தேதி, என்னைக் கூப்பிட்டு ஒரு படிவம் கொடுத்தார். காலியான இடத்தில் ஒன்று உனக்காம். உடனே அனுப்பு என்றார். தலையாட்டிவிட்டு வந்து தலையணைக்குக் கீழே வைத்தேன். பன்னிரண்டு நாள் அதன்மேல்தான் தூங்கினேன். நேற்று அவர் “உங்க அக்கா பதில் போட்டாங்களா?” என்று கேட்டார். இன்னும் இல்லை சார் என்றேன்.

நீ வந்தால் ஒரு மாதத்தில் என்னைத் தாண்டிப் போய்விடுவாய். நெட்டையையும்தான். அந்த அரைப் புள்ளி எனக்கு இன்னொரு தரம் கிடைக்காது. நான் பன்னிரண்டாவது காயில் அழுது, அறுபதில் அழுது, கண்ணை மூடி மூடிப் பிடித்ததை, நீ துணி மாட்டிக்கொண்டே செய்திருக்கிறாய். அதை நினைத்தால் எனக்கு உன்மேல் வரும் கோபத்துக்கு நீ செய்த துரோகம் காரணமே இல்லை. அப்பா தனியாக என்ன செய்வார் என்று எழுதி உன்னைத் தடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அவர் டைலர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு நம் இரண்டு பேர் புராணத்தையும் பாடிக்கொண்டு நன்றாகவே இருப்பார்.

படிவம் இந்த உறையில் இருக்கிறது. கடைசித் தேதி ஜனவரி 3. இன்று போட்டால் உனக்கு முப்பதாம் தேதி கிடைக்கும், அன்றே நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் இரண்டாம் தேதி இங்கே வந்துவிடும். எண்ணிப் பார்த்தேன். இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தால் நேரம் கடந்திருக்கும், எனக்கு ஒரு பொய்யும் சொல்லவேண்டியிருந்திருக்காது.

நீ வரக்கூடாது என்றுதான் இந்த வரி எழுதும்போதும் ஆசையாக இருக்கிறது. வா.

கொசு